தும்மலுக்கு முன்

தோழர்களே, இந்த அநீதியை வந்து பாருங்கள்! என்றோ நின்றுபோன விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை, அதன் ரசிகர்கள் அட்டையில் விண்கலம் கட்டி, அணுவளவும் பிசகாமல் ஆண்டுதோறும் மேடையேற்றுகிறார்கள். கடைசிக் காட்சியில் அசல் கேப்டன் தும்மிவிட்டுத்தான் கலத்தின் கதவை மூடினார். ஆகவே இங்கும் மூக்குப்பொடி போட்டுத் தும்முகிறார்கள். கதவு மூடியதும், கலத்தின் மருத்துவர் வேற்றுக்கோளில் தனியாக விடப்படுகிறார்.

“இந்தத் தடவையாச்சும் என்னை ஏத்திக்கங்கப்பா,” என்று கிசுகிசுக்கிறார் மருத்துவராக நடிக்கும் மரகதவல்லி.

“அசல்ல நீங்க ஏறலியேக்கா!” என்கிறான் கேப்டன் வேடமிட்ட செழியன்.

ஆனால் பொடி போட்டும் அவன் தும்மவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, திறந்த கதவருகே நிற்கிறான். பார்த்துக்கொண்டிருப்பவர்களே, எழுந்திருங்கள்! அந்தத் தும்மல் வெடிக்குமுன் அவரைத் தூக்கிக் கலத்தில் ஏற்றுங்கள்!