சுவரில் இருந்த சிறுமி

"அரே, ஏன் அப்படியே நின்னுட்டே?" என்றாள் ரஞ்சனா. ஏழைக் குழந்தைகளைப் படிக்கவைக்கும் அந்தத் தொண்டு நிறுவனத்தின் மும்பை செம்பூர் அலுவலகத்துக்கு அவள்தான் தலைவி.

மாதுங்கா கல்லூரியிலிருந்து அன்றுதான் இன்டர்ன்ஷிப்புக்கு வந்திருந்த ஜான்சி, சுவரிலிருந்த பெரிய போஸ்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கிழிந்த சட்டையும் பரட்டைத் தலையுமாக, கையில் அலுமினியத் தட்டோடு ஒரு சிறுமி.

"இந்தப் படம் யார் எடுத்தது, மேடம்?"

"நான்தான். ரொம்ப வருஷம் முன்னாடி, தாராவியில. 'அம்மா தாயே'ன்னு என்கிட்ட தட்டை நீட்டினா. தாங்க முடியாம அங்கேயே அழுதுட்டேன். இன்னிக்கும் டோனர்ஸ் எல்லாரும் இவளைப் பாத்துத்தான் பணம் குடுக்கறா."

"அந்தப் பொண்ணுகிட்ட எதுவுமே கேக்கலியா?"

"என்னத்தைக் கேக்கறது? பாத்தாலே தெரியலையா? வசதியா வளர்ந்த உன்னை மாதிரி பொண்ணுக்கு இதெல்லாம் ஷாக்காத்தான் இருக்கும்."

"ஷாக்காத்தான் இருக்கு மேடம்." ஜான்சி மெல்லத் திரும்பினாள். "அது நான்தான்."

வாய்க்குக் கொண்டுபோன டீ கிளாஸ் ரஞ்சனாவின் கையில் பாதியிலேயே நின்றது. "நீயா? நீ... பிச்சை எடுத்துண்டிருந்தியா?"

"இல்ல மேடம். எங்கப்பாவுக்கு தாராவியில மளிகைக்கடை. அன்னைக்கு ஸ்கூல்ல மாறுவேடப் போட்டி. போற வழியில உங்ககிட்ட சும்மா நடிச்சுப் பாத்தேன். நீங்க அழுததும், ஃபர்ஸ்ட் பிரைஸ் எனக்குத்தான்னு தெரிஞ்சுபோச்சு."