சும்மா கிடைத்த அலாய் வீல்

டோல்கேட் பழைய வீல் கடையில் அன்று இருந்தவர்கள்: கடைக்காரர் ராமதாஸ், விரிசல் விட்ட அலாய் வீல்களோடு காத்திருந்த நான்கு பேர், குடும்பக் காரின் உடைந்த வீலை ஆட்டோவில் போட்டு வந்த செங்குட்டுவன்.

"எண்ணூர் ரோட்டுப் பள்ளமா?" என்று செங்குட்டுவனிடம் கேட்டான் காத்திருந்தவர்களில் ஒருவன்.

"அதேதான்."

"அந்த ரோட்டைப் போட்டவன் கையில கெடைச்சான், கைமாதான்!"

செங்குட்டுவன் எல்லோரையும்விடச் சத்தமாகத் திட்டினார். பிறகு ராமதாஸிடம் திரும்பினார்.

"புதுசு கட்டுப்படியாகாது. பழசு இன்னா விலை?"

"ரெண்டாயிரம். உனக்கு மட்டும் சும்மா, நைனா."

"எனக்கு மட்டும் இன்னாத்துக்கு?"

"ரோட்டு காண்ட்ராக்டரே நீதானே! உன் புண்ணியத்துலதான் என் கடையே ஓடிக்கினு கீது."

நான்கு பேரும் எழுந்தார்கள்.

"அடிக்காதீங்கபா! அடுத்த ரோடும் இவருதான் போடணும்" என்று ராமதாஸ் அவரைக் குடோனுக்குள் தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டினார்.