எல்லாம் அடக்கம்

"டிப்ஸைக் கையால தொட்டீங்கன்னா மறுநாள் வேலைக்கு வர வேணாம். சாப்பாடு, தண்ணி, துண்டு, ஒங்க சிரிப்பு எல்லாமே பேக்கேஜ்ல அடக்கம். புரியுதா?"

சித்தன்னவாசல் சாலையில் இருக்கும் அந்த ரிசார்ட்டில் மேனேஜர் கோபிநாத் தினமும் காலையில் இதைச் சொல்லாமல் விட மாட்டார். குடியிருப்பது வாடகை வீடு. பேச்சு மட்டும் முதலாளி பேச்சு.

அறைகளைச் சுத்தம் செய்யும் சொர்ணம் தலையை ஆட்டி வைத்தாள். வீட்டில் சிலிண்டர் தீர்ந்து மூன்று நாளாகிறது. சிரிப்பை எரித்து உலை வைக்க முடியாது.

"அக்கா, ஆறாம் நம்பர் ரூம்காரரு ஆயிரம் ஆயிரமாக் குடுக்குறாரு" என்று காதைக் கடித்தான் வெயிட்டர் வெற்றிசெல்வன். "பேரு தங்கமுத்து, ஆலங்குடிப் பக்கம். சமையக்கட்டு அமராவதி அக்கா வாங்கிருச்சு."

"ஒனக்கு?"

"வீட்ல சமீபத்துல ஏதும் விசேஷம் நடந்துச்சான்னு கேட்டாரு. இன்னும் கல்யாணமே ஆகல சார்னேன். தோளைத் தட்டிட்டுப் போயிட்டாரு."

"அமராவதி என்ன சொன்னாளாம்?"

"மகளுக்கு வளைகாப்புன்னுச்சாம். ஒடனே நீட்டிட்டாராம். நல்லது நடந்த வீட்டுக்குத்தான் குடுப்பாரு போல. பணக்காரக் கிறுக்கு!"

"பொழைக்கத் தெரியாத பயலே, ஒரு விசேஷத்தைச் சொல்லித் தொலைச்சா என்ன?"

"பொய் சொல்லச் சொல்றியாக்கா?"

"வேணாம்ப்பா. தோள்ல தட்டுனதை வச்சு வண்டிக்குப் பெட்ரோல் போடு."

வாளியும் துடைப்பமுமாக ஆறாம் நம்பர் அறைக்குப் போனாள் சொர்ணம். வெள்ளை வேட்டியில் தங்கமுத்து நாற்காலியை நிறைத்து உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா. பேரு என்ன?"

"சொர்ணம்ங்க. குளத்தூருங்க."

"வீட்ல ஏதும் விசேஷம் வச்சீங்களா?"

"போன மாசந்தாங்க மகனுக்குக் காது குத்துனோம்."

அந்த மகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படிக்கிறான்.

"அடடே! தெரிஞ்சிருந்தா வந்திருப்பேனே. வீட்டுக்காரர் பேரு? எந்தத் தெரு?"

கேட்டதையெல்லாம் செல்போனில் தட்டிக்கொண்டார். ரிசார்ட்டைப் பற்றி நெட்டில் எழுதும்போது தன்னைப் பற்றியும் நாலு நல்ல வார்த்தை எழுதுவார் என்று நினைத்த சொர்ணம், கேட்காத அடையாளத்தையும் சேர்த்துச் சொன்னாள்: "தண்ணி டேங்குக்கு எதுத்த வீடுங்க."

இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் நீண்டன.

"மேனேஜருக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்ங்க."

"அவரு வாயத் தொறக்க மாட்டாரு. நான் பாத்துக்கிறேன். சந்தோசமா வாங்கிக்க."

கும்பிட்டு வாங்கி இடுப்பில் செருகினாள். மறுநாளே சிலிண்டர் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் கிளம்பும்போது தங்கமுத்து ஆளுக்கொரு கவர் கொடுத்தார். வெற்றிசெல்வனுக்கு மட்டும் மறுபடியும் தோளில் ஒரு தட்டு.

"அவசியம் வந்துரணும். கூப்பிடலைன்னு யாரும் சொல்லிரக் கூடாது" என்று கார் கண்ணாடியை ஏற்றினார்.

"இன்னொரு ரவுண்டாக்கா? இந்த ஊர்ல உண்மை பேசுறவன் உருப்பட மாட்டான்" என்று புலம்பினான் வெற்றிசெல்வன்.

சொர்ணம் ஆசையோடு கவரைப் பிரித்தாள். ஓரத்தில் மஞ்சள் தடவிய பத்திரிகை. தங்கமுத்து இல்ல மொய் விருந்து, ஆவணி ஆறாம் தேதி, ஆட்டுக்கறிச் சாப்பாடு. அடியில் பேனாவால் எழுதியிருந்தது: 'சொர்ணம், குளத்தூர், தண்ணி டேங்குக்கு எதிர் வீடு. மகன் காதுகுத்துக்கு நாங்கள் செய்த மொய் ரூபாய் ஆயிரம்.'

மொய் விருந்து என்றாலே ஊருக்குச் செய்த மொய்யைத் திரும்ப வசூலிக்கும் விருந்து, வாங்கியதை மேலே ஒரு பங்கு சேர்த்துத் திருப்ப வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. திருப்பாவிட்டால் தண்ணி டேங்குக்கு எதிரே ஆள் வந்து நிற்கும்.

வெற்றிசெல்வன் எட்டிப் படித்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டான். "வாக்கா, மேனேஜர்கிட்டக் கேப்போம், இதுவும் பேக்கேஜ்ல அடக்கமான்னு."

வரவேற்பறையில் கோபிநாத் பேயறைந்தவர்போல நின்றுகொண்டிருந்தார். அவர் கையிலும் அதே பத்திரிகை, அதே கையெழுத்து: 'கோபிநாத், மேனேஜர். சொந்த வீடு கட்டிக் குடிபுகுந்ததற்கு நாங்கள் செய்த மொய் ரூபாய் ஐயாயிரம்.'