நடுத்தரம்

நாய் என்ன ரகம் என்று கேட்டதற்கு அவர் "நடுத்தரம்" என்றார்.

உரக்கடைக்காரம்மாவுக்கு அங்கேயே பொறி தட்டியது. நாய் வளர்ப்பவர்கள் யாரும் இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அவள் கேட்டதில்லை. செல்போனை எடுத்து நாற்பது படமாவது காட்டாமல் விடமாட்டார்கள்.

வயதைக் கேட்டாள். சரியாகத் தெரியவில்லை என்றார். பேரைக் கேட்டாள். காது கேட்காதவர்போல் மண்புழு உர மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

வந்ததிலிருந்து அவர் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். வீட்டு முன்னால் புதிதாகப் புல்தரை போட வேண்டும். இயற்கை உரமாக இருக்க வேண்டும். நாய் நக்கினாலும் உருண்டாலும் ஒன்றும் ஆகக் கூடாது.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவளும் உற்சாகமாகச் சொன்னாள். மண்புழு உரம் போடலாம், நன்றாக மக்கிய குப்பையைச் சலித்துத் தூவலாம், வெட்டின புல்லை வாராமல் அங்கேயே விட்டாலும் உரம்தான். எதைப் போட்டாலும் தண்ணீர் விட்டு, அது மண்ணுக்குள் இறங்கும்வரை நாயை உள்ளே வைத்திருக்க வேண்டும்.

வாய் சொல்லிக்கொண்டிருந்தாலும் கண் சும்மா இருக்குமா? சட்டை என்னவோ இஸ்திரி கலையாமல் இருந்தது. ஆனால் இரண்டு முழங்காலிலும் ஈர மண். நகக்கண் எல்லாம் பச்சை. கடைப் பூனை காலை உரச வந்தபோது மனிதர் ஓரடி பின்வாங்கினார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சரிங்க, எதைத் தின்னா நாய்க்கு ஆகாது?"

ஆமணக்குப் புண்ணாக்கு என்றாள். அதுவும் இயற்கைதான், செடிக்கு அமிர்தம்தான். ஆனால் வாசனைக்கு நாய் மண்ணைத் தோண்டித் தின்னும், தின்றால் பிழைப்பது கஷ்டம்.

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதுவரை சொன்ன எதையும் எழுதாதவர், இதை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இயற்கைதானே என்று அவள் நம்பி விற்ற ஒரு மூட்டை ஒரு வீட்டு நாயின் உயிரைக் கொண்டுபோயிருந்தது. அன்றிலிருந்து அந்தப் புண்ணாக்கை யார் கேட்டாலும், வீட்டில் நாய் உண்டா என்று முதலில் கேட்பாள். இல்லை என்று அவர்கள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னால்தான், மூட்டைமேல் கறுப்பு மையில் 'நாய் இல்லை' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பாள். வாங்கிப் போகிறவர்களின் முகம் அவளுக்கு நினைவில் நிற்காது. அந்த இரண்டு வார்த்தை எழுதினால்தான் மனசு ஆறும்.

இன்றைக்கு வாயைக் கொடுத்து யாருக்கோ வழி சொல்லிக் கொடுத்துவிட்டாளா? பக்கத்து வீட்டு நாய்க்கா, தெருநாய்க்கா, எதற்குக் குறி வைக்கிறார் இந்த மனிதர்?

அவர் வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டு, அந்தப் புண்ணாக்கு தீர்ந்துவிட்டது, இனிமேல் வராது என்றாள். மூட்டை அவள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அவர் மூட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வெளியே போனார்.

கார் டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. வண்டி எண்ணையாவது குறித்துக்கொள்ளலாம் என்று அவள் வாசலுக்கு ஓடினாள்.

அவர் ஒரு மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார். வாய் பிரித்த மூட்டை. உள்ளே பாதிக்குமேல் மண்ணும், வேரோடு பிடுங்கின பச்சைப் புல்லும் திணித்திருந்தது. வெளியே கறுப்பு மையில் அவளுடைய கையெழுத்து.

நாய் இல்லை.

"போன வாரம் நீங்க கேட்டப்ப இல்லைங்க. அது வந்து நாலு நாள்தான் ஆகுது."

அதுவாகத்தான் வந்ததாம். புல்லில் வந்து படுத்ததாம், விரட்ட விரட்டப் போகவில்லையாம். இன்று காலை அது உரம் தூவிய மண்ணை மூக்கால் கிளறியபோதுதான், இந்த மூட்டையை விற்கும் முன் கடைக்காரம்மா நாயைப் பற்றி ஏதோ கேட்டது அவருக்கு ஞாபகம் வந்ததாம். அன்று, நாயா, என் வீட்டிலா என்று சிரித்தவர் அவர். அதனால்தான் நேராகக் கேட்கக் கூச்சம்.

இதுதான் ஆகாததா என்று உறுதியாகத் தெரியாமலே, வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்த புல்தரை முழுவதையும் முழங்காலிட்டு உரித்து எடுத்துவிட்டார்.

அது தின்றுவிட்டதா என்று கேட்கப் போனாள். அதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது.

"தின்னலைங்க. டாக்டர்கிட்ட காட்டிட்டுத்தான் வர்றேன். அங்கயும் பேர்தான் கேட்டாங்க."

அவள் மை பேனாவை எடுத்து, மூட்டைமேல் இருந்த 'இல்லை'யை மட்டும் அழுத்தி அடித்தாள். கண் கலங்கியதை மறைக்க அவளுக்கும் ஒரு வேலை வேண்டியிருந்தது.

பிறகு காரைப் பார்த்தாள். பின் கண்ணாடியில் ஈர மூக்கு ஒன்று வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

அவர் சொன்னது பொய்யில்லை. நடுத்தரம்தான்.