திருப்பி வைத்த படம்

2024ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள், சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, திருவொற்றியூரில் ஒரு தொழிற்சங்கக் கட்டடத்தின் மாடியில், ஜானட் தன் மடிக்கணினியைத் திறந்து, தான் வடிவமைத்த இணையதளத்தின் முகப்பைக் கராத்தே ஆசிரியை செங்கொடிக்குக் காட்டினாள்.

அந்த மாடியில் நடந்த கராத்தேப் பள்ளியில் அப்போது பதினேழு பேர் பயின்றார்கள். திங்கட்கிழமைக்குள் முப்பது பேர் சேராவிட்டால் மாடியைத் தையல் வகுப்புக்கு விட்டுவிடுவதாகச் சங்கம் எழுத்து மூலம் தெரிவித்திருந்தது.

ஆள் வராமல் இல்லை. வந்தவர்கள் படியேறினார்கள், செங்கொடி கைத்தடியை ஊன்றி, மடங்காத இடக் காலை இழுத்துக்கொண்டு எழுந்து வருவதைப் பார்த்தார்கள், யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்கள்.

போன வாரம் ஒரு தாய் குரலைத் தணிக்கவும் இல்லை.

"அவங்களுக்கே காலு மடங்கல. இவங்க இன்னாத்த உதைக்கக் கத்துக் குடுக்கப் போறாங்க?"

ஆகவே செங்கொடி ஒரே ஒரு நிபந்தனை விதித்திருந்தார். தளத்தில் தம் பெயரும் படமும் இடம்பெறக் கூடாது.

'ஆசிரியர்' என்ற தலைப்புக்குக் கீழே ஜானட் ஒரு வெற்றுச் சதுரத்தை விட்டிருந்தாள். கண்ணில் விழுந்த தூசியாக அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. முகமில்லாத பள்ளிக்கு எந்தத் தாய் தன் பெண்ணை அனுப்புவாள்?

முகப்புக்காவது ஒரு படம் வேண்டும் என்று சில நாள் முன்பு அவள் பிடிவாதம் பிடித்தபோது, செங்கொடி பரிசுக் கோப்பைகள் இருந்த அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துத் தந்தார்.

மாநிலப் போட்டியின் பதாகைக்கு முன்னால் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். வலக் காலில் நின்று இடக் காலை எதிராளியின் தலை உயரத்துக்கு வீசியிருந்தாள். பாதத்தின் விளிம்பு கத்திபோல் இருந்தது.

யார் இவள் என்று ஜானட் கேட்டாள்.

"பழைய பொண்ணு. அவ இப்ப இல்ல."

ஜானட் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். ஒருவர் இல்லை என்று சொல்லப்பட்டால் மனத்துக்குள் சிலுவை போட்டுக்கொண்டு, மேற்கொண்டு கேள்வி கேட்காமல் இருக்கப் பழகியவள்.

அன்றே படத்தைக் கைபேசியில் பிடித்துக்கொண்டாள். பெண் இடப்பக்கம் பார்த்து உதைத்தாள். 'சேர்க' என்ற பொத்தானோ வலப்பக்கம் இருந்தது. உதை பொத்தானைக் காட்டினால்தான் பார்ப்பவர் விரலும் அங்கே போகும். அது அவள் தொழிலின் பாலபாடம். படத்தை இடம் வலமாகத் திருப்பினாள். பதாகையின் எழுத்துகள் மாறித் தெரியாதபடி அவற்றை மங்கலாக்கினாள். பெண்ணின் இடப் புருவத்தை வெட்டிய ஒரு தழும்பு கண்ணில் பட்டது; அதை அழிக்க நினைத்து, நேரமின்றி விட்டுவிட்டாள்.

இப்போது செங்கொடி திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கைத்தடியின் நுனியால் அந்தப் பெண்ணின் மார்பைச் சுட்டினார்.

"இன்னாத்துக்குடி இவளப் பொணமாக்கி வெச்சிகிற?"

ஜானட்டுக்கு விளங்கவில்லை.

செங்கொடி விளக்கினார். இந்த உடை ஜப்பானியருடையது. உயிரோடிருப்பவர் இடப்பக்கத்து மடிப்பை மேலே போட்டுக் கச்சை கட்டுவர். வலப்பக்கத்தை மேலே போடுவது பிணத்துக்கு மட்டும். முதல் நாள் வரும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் இங்கே கற்றுக்கொடுக்கப்படும் முதல் பாடம் அதுதான். உதை அதற்குப் பிறகு.

ஜானட் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"நீங்கதான மாஸ்டர் அவ இல்லன்னு சொன்னீங்க?"

கீழே துறைமுகம் நோக்கி ஒரு கன்டெய்னர் லாரி போயிற்று. சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அவை அடங்கும்வரை செங்கொடி ஒரு கையால் மடங்காத இடக் காலைப் பிடித்துக்கொண்டார். லாரிகள் கடக்கும்போதெல்லாம் அவர் கை தானாக அங்கே போகும்.

"பொத்தானத் தூக்கி இந்தாண்ட வெச்சிக்கோ," என்றார் பிறகு. "அவளத் திருப்பாத."

ஜானட் படத்தைப் பழையபடி மாற்றினாள். மடிப்பு சரியான பக்கத்துக்கு வந்தது. வீசிய கால் இடப்பக்கம் போயிற்று. புருவத்துத் தழும்பு வலப் புருவத்துக்கு வந்தது.

செங்கொடி தடித்த கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, திரைக்கு மிக அருகில் குனிந்தார்.

சரியா என்று கேட்கத் திரும்பிய ஜானட், கேட்கவில்லை. கண்ணாடியில்லாத அந்த முகத்தின் வலப் புருவத்தைப் பார்த்தாள்; அங்கும் அதே வெட்டு. திரையைப் பார்த்தாள். மறுபடியும் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு அனுமதி கேளாமல், ஆண்டைத் தானே ஊகித்து, படத்தின் கீழே தட்டச்சு செய்தாள்: செங்கொடி, மாநிலப் போட்டி, 2003.

தடியின் நுனி கடைசி எண்ணைத் தொட்டது.

"2002," என்றார் செங்கொடி. "தப்பா போடாத."

இறுதியில் முடிவானவை இவை. பொத்தான் இடப்பக்கம் வைக்கப்படும். பதாகையின் எழுத்துகள் மங்கலாக்கப்படமாட்டா. வெற்றுச் சதுரத்தில் ஆசிரியையின் இன்றைய படம், கைத்தடியுடன், இடம்பெறும். தளம் அன்று மாலை ஆறு மணிக்கே திறக்கப்படும்.

அந்தப் படத்துக்காகச் செங்கொடி உள்ளே போய் வெள்ளுடை அணிந்து வந்தார். கைபேசியை ஜானட் உயர்த்தியபோது ஒரு கையை நீட்டித் தடுத்தார். குனிந்து, தம் மார்பின் மீது இடப்பக்கத்து மடிப்பு மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

இருந்தது.