நகராத புள்ளி

"எப்பப் பாத்தாலும் சூரியனையே பாத்துட்டிருக்கீங்களே, என்னை எப்பங்க பாப்பீங்க?" கல்யாணமான புதிதில் வடிவு கேட்டாள்.

"நீ எங்க ஓடிடப் போறே?" என்று சிரித்தார் வானியலாளர் திருஞானம்.

தினமும் காலையில், தொலைநோக்கி வழியாகக் காகிதத்தில் விழும் சூரிய வட்டத்தின் கரும்புள்ளிகளைப் பென்சிலால் குறிப்பது அவர் வேலை. சூரியன் சுழல்வதால் புள்ளிகள் நாளுக்கு நாள் நகரும். நடுவிலிருந்த ஒன்று மட்டும் ஒன்பது நாளாக நகரவில்லை. தூசியென்று லென்ஸை மூன்று முறை துடைத்தார். கடுகளவு இருந்தது இன்று மிளகளவு ஆகியிருந்தது. சூரியனில் இல்லை அது. பூமியை நோக்கி நேராக வந்துகொண்டிருந்தது.

பாதி வேலையில் வீட்டுக்கு வந்தார். மொட்டைமாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்த வடிவு, "என்னங்க, சூரியனுக்கு லீவா?" என்றாள்.

இருபது வருடமாக ஒத்திப்போட்டதை அவர் கேட்டார்.

"கொஞ்ச நேரம் என்கூட வெயில்ல உக்காரேன், வடிவு."