அமுதினியின் கை

கண்காட்சி அரங்கத்து அலமாரியில் ஒரு கைப்பட்டை இருந்தது. ஆபத்து வந்தால் அதிர்ந்து, பச்சை அம்புக்குறியால் வெளியேறும் வழியைக் காட்டுவது அதன் வேலை. சார்ஜ் ஏறும்போதெல்லாம் அதற்கு, ஒருமுறை தன்னைக் கட்டியிருந்த பார்வையாளர் அமுதினியின் கை நினைவுக்கு வரும்.

“மறுபடியும் அந்தத் தீ விபத்தா?” என்றது சார்ஜர். “சரி, சொல்லு.”

“அன்னைக்கு முந்நூறு கையில நாங்க முந்நூறு பேர். ‘வலது பக்கம், வலது பக்கம்’னு துடிச்சோம். யாரும் குனிஞ்சு பார்க்கலை. உள்ளே வந்த வாசலுக்கே முண்டியடிச்சு ஓடினாங்க. அங்கேதான் புகை. அமுதினியும் ஓடினா. பாதியில என்னைப் பார்த்துட்டு நின்னா. இடிச்சுத் தள்ளினாங்க, அவ நகரலை. கையை உயர்த்தி, ‘இந்தப் பக்கம் வாங்க!’ன்னு கத்தினா. முதல்ல ஒரு பெரியவர் திரும்பினார். அவர் பின்னால பத்துப் பேர். அப்புறம் மொத்தக் கூட்டமும்.”

“அப்போ காப்பாத்தினது நீதானே? உன் வெளிச்சம்தானே!”



“அன்னைக்கு நான் அதிர்ந்ததைவிட அவ கை அதிகமா நடுங்கிச்சு,” என்றது பட்டை. “கடைசி ஆள் வெளியே போற வரைக்கும் அவ கையை இறக்கவே இல்லை.”